சனிக்கிழமை கொடுத்த எண்ணெய்

ஐயாயிரம் பேர் வேண்டும் என்றார் அந்த சார்.

கோயமுத்தூரில் மூன்று கடை வைத்திருக்கும் இயற்கைப் பொருள் அங்காடி அது. அங்கே கொள்முதல் பார்க்கிறவர் அவர். எங்கள் நல்லெண்ணெய் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என் செல்போனை வாங்கி எங்கள் பேஜைப் பார்த்தார்.

“இருநூத்திப் பதினெட்டுப் பேர்தான் இருக்காங்க.”

“எங்க சொந்தக்காரங்களே அவ்வளவுதானுங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பேர் தெரியாத எண்ணெயை வெச்சா யாரும் கையில எடுக்க மாட்டாங்க. ஐயாயிரம் ஆச்சுன்னா ரேக்ல எடம் குடுக்கலாம். ஆடி பொறந்தா ரேக்கை மாத்துவோம். அதுக்குள்ள பாருங்க.”

ஆனி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். “என்ன சொன்னாரு?”

“ஃபாலோ ஐயாயிரம் வேணுமாங்க.”

“பாலா? பாலெதுக்கு அவருக்கு?”

ரோட்டில் நின்று கத்திச் சொன்னேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் பாதி.

சூலூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டினார். தறிச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் வாயசைத்துத்தான் பேச வேண்டும். நானும் மூன்று வருடம் அங்கே தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றினேன். வீட்டுக்கு வந்தாலும் தறிச் சத்தம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் காதைச் சோதித்த டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு இறங்கிக்கொண்டே போனது. இன்னும் தறிக்குப் போனால் மீதியும் போய்விடும், அதற்குப் பிறகு காதில் மிஷின் வைத்தாலும் பிரயோசனம் இல்லை என்றார்.

அதனால்தான் செக்குப் போட்டோம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கரண்டில் ஓடும் மரச்செக்கு ஒன்று. எள், கடலை, தேங்காய். எண்ணெய் நன்றாகத்தான் வந்தது. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டி, மூன்று நாள் வெயிலில் தெளிய வைத்து ஊற்றுவோம். வாங்கினவர்கள் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்கள்தான் குறைவு. தெருவுக்கு ஒரு செக்கு வந்துவிட்டது.

தறிக்குடோன்காரர் வழியில் பார்க்கும்போதெல்லாம், “எப்பப்பா வாரே? நாலு தறி ஆளில்லாம நிக்குது” என்பார். தன்மையாகத்தான் கேட்பார். செக்கு நின்றால் இவர் அங்கேதான் போக வேண்டும். வேறு வேலை தெரியாது. ஐயாயிரம் என்றால் எனக்கு அவர் காது. அப்படித்தான் நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

நான் ஆறாவது வரை படித்தவள். பேஜை ஜெராக்ஸ் கடைப் பெண் தொடங்கிக் கொடுத்தாள். வீடியோ எடுப்பது, போடுவது, அழிப்பது மூன்றும் கற்றுக்கொண்டேன். அதற்குமேல் தேவைப்படவில்லை.

சார் ஆள் சேர்க்கும் வழிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வந்து புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தோம். நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

“பேஜ்ல சேந்தா பத்துல ஒரு பங்கு தள்ளுபடிங்க.”

“இந்த ஊர்ல எவன் சொன்ன வெலைக்கு வாங்குனான்? இப்பவே கொறைச்சுத்தான குடுக்கறோம்.”

“குலுக்கல். ஒருத்தருக்கு வெள்ளிக் காசு.”

“நம்ம சொந்தக்காரனுக்கு விழுந்தா திருட்டும்பாங்க. வேறவனுக்கு விழுந்தா சொந்தக்காரன் பேச மாட்டான்.”

“இன்னொண்ணு இருக்குதுங்க. சார் எழுதல. ஜெராக்ஸ் கடைப் புள்ளை சொல்லுச்சு. ஆளையே வெலைக்கு விக்கறாங்களாம். ஆயிரம் ஆளு, ரெண்டாயிரம் ஆளுன்னு.”

“எந்த ஊர் ஆளு?”

“ஆளே இல்லீங்க. வெறும் பேரு.”

“பேரு எண்ணெய் வாங்குமா?”

அதோடு அது முடிந்தது. மிச்சம் இருந்தவை பரிசும் ஓசி எண்ணெயும்.

செவ்வாய்க்கிழமை பாட்டில் வாங்க உக்கடம் போனேன். அங்கே ஒரு கடைக்கார பாயிடம்தான் முதலிலிருந்து பாட்டில் எடுக்கிறோம். விஷயத்தைச் சொன்னேன். பில் போட்டுக்கொண்டே சொன்னார்.

“எண்ணெயைச் சும்மா குடுக்காதீங்க தங்கச்சி. தூக்குப்போசி குடுங்க.”

“போசியா? நாங்க எண்ணெய்க்காரங்க, பாத்திரக்காரங்க இல்ல பாய்.”

“ஒரு ஊட்டுல போசி எங்கிருந்து வந்துச்சுன்னு நாப்பது வருசத்துக்குச் சொல்லுவாங்க. எண்ணெய் எங்கிருந்து வந்துச்சுன்னு நாலு நாள்ல மறந்துருவாங்க. மேல உங்க பேரை அடிச்சுக் குடுங்க. போசி பேசும்.”

“நீங்க போசியும் விக்கறீங்களாக்கும்.”

“விக்காததைச் சொல்றதுக்கு நான் என்ன வாத்தியாரா?” என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் பேர் அடித்துத் தர ஒரு மாதம் ஆகும் என்றார். எங்களிடம் ஒரு மாதம் இல்லை. எண்ணெய் வீட்டிலேயே இருந்தது. எண்ணெய் என்றே முடிவு செய்தோம்.

எந்த எண்ணெய் என்று யோசித்ததும் நான்தான். நல்லெண்ணெய். எங்களிடம் இருப்பதில் நல்லது அதுதான். எந்தக் கிழமை என்று சொன்னதும் நான்தான். சனிக்கிழமை. அன்றுதான் எங்கள் ஊரில் சந்தை. சனிக்கிழமை நல்லெண்ணெய் அதிகம் போகும். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். கோயிலில் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடுவார்கள். எங்களுக்கு நவக்கிரகம் கிடையாது. நாங்கள் வேதக்காரர்கள், என் அப்பன் காலத்திலிருந்து சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் விளக்குப் போடுகிறவர்கள் எண்ணெய் வாங்குவார்கள் என்பது தெரியும். வாங்குகிற நாளில் சும்மா கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

சின்ன பாட்டிலில் நூறு மில்லி வீதம் இருநூறு பாட்டில் ஊற்றினோம். சந்தையில் தக்காளிக்காரருக்கும் கருவாட்டுக்காரருக்கும் நடுவில் மேஜை போட்டோம். அட்டையில் எழுதி வைத்தோம். எங்கள் பேஜில் சேருங்கள், நூறு மில்லி நல்லெண்ணெய் இலவசமாகப் பெறுங்கள்.

ஆட்கள் வந்தார்கள்.

“ஏனுங்க, சேர்றதுக்கு என்ன பண்ணோணும்?” ஒருவர் வண்டியை நிறுத்தாமலேயே கேட்டார்.

“போன்ல இதை அமுத்தோணுமுங்க.”

அமுக்கினார். பாட்டிலை நீட்டினேன்.

“இருக்கட்டுங்க. பொறவு வந்து வாங்கிக்கறேன்.”

அடுத்து ஓர் அம்மா. அவரும் அமுக்கினார். “எங்கூட்ல எண்ணெய் நெறைய இருக்குதுங்க. வேற யாருக்காவது குடுங்க.”

இன்னொருவர் கையில் பை இல்லை என்றார். தோளில் பை தொங்கியது.

டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர், எங்களுக்குப் பழக்கம். “ரெண்டு போன் வெச்சிருக்கேன் அம்மணி. ரெண்டுலயும் சேர்ந்துக்கறேன். எண்ணெய் மட்டும் வேண்டாம்.”

“ஏனுங்கண்ணா?”

“வேண்டாமுங்க, அவ்வளவுதான்.”

மத்தியானம் வரைக்கும் அறுபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. எல்லாரும் ‘ங்க’ போட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை அவ்வளவு இனிப்பாகச் சொல்வார்கள். எதற்காக என்று கடைசிவரை தெரியாது.

என் வீட்டுக்காரர் ஒரு பாட்டிலைத் திறந்து நக்கிப் பார்த்தார். “நல்லாத்தான இருக்குது” என்றார். எனக்கு வேறு நினைப்பு வந்தது. சந்தையில் பாதிப் பேருக்கு எங்களைத் தெரியும். என் அப்பன் எந்தத் தோட்டத்தில் கூலிக்கு இருந்தார் என்றும் தெரியும். காசுக்கு வாங்குகிறவர்கள் சும்மா கொடுத்தால் எங்கள் கையிலிருந்து வாங்க மாட்டார்களோ என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தோன்றியிருக்கும். மேஜையை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஆட்கள் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

யாரும் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அக்கா வந்தது. எங்களிடம் எள் புடைக்கிற அக்கா. கல், மண், தூசி எல்லாம் நீக்கி எள்ளைச் சுத்தம் செய்வது அதன் வேலை. செக்குப் போட்ட நாளிலிருந்து இருக்கிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தது. புருஷன் இல்லை. ஒரே பெண். அந்தப் பெண் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். அக்கா வாய் ஓயாமல் பேசும். இவருக்குக்கூட அக்கா பேசுவது கேட்கும், அவ்வளவு சத்தம்.

மேஜையைப் பார்த்தது. அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தது. தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தது.

“அடக் கண்ணு! நல்லெண்ணெயை, அதும் சனிக்கெழமை, ஓசில குடுத்தா எவன் வாங்குவான்?”

“ஏனக்கா?”

“காசு குடுத்து வாங்குனா எண்ணெய். சும்மா வாங்குனா தானம். குடுக்கறவங்க சனி வாங்கறவங்ககிட்டப் போயிரும். உன்ற சனியை ஊருக்கே ஊத்திக் குடுக்கறேன்னு போர்டு வெச்சிருக்கறயே!”

அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்தது. எங்கள் கை காரணம் இல்லை. கிழமைதான் காரணம். அப்படித்தான் அன்று எடுத்துக்கொண்டேன்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல? நாலு நாளா நீதான பாட்டிலைத் தொடைச்சுக் குடுத்தே?”

“நீ மொதலாளி. ஏதோ பரிகாரம் பண்றயாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். கேட்டாச் சங்கடப்படுவியேன்னு உட்டுட்டேன்.”

“நான் வேதக்காரிக்கா.”

“ஏன், வேதக்காரங்க ஊட்டுக்குச் சனி வழி தெரியாதா?”

தக்காளிக்காரர் சிரித்தார். கருவாட்டுக்காரரும் சிரித்தார். “ஏனுங்க, உங்களுக்குத் தெரிஞ்சும் சொல்லலயே” என்று அவர்களைக் கேட்டேன். “சொன்னா நல்லாருக்காதுங்களே” என்றார் தக்காளிக்காரர்.

அக்கா இரண்டு பையை விரித்தது. “போடு. ஒரு இருபது போடு. எனக்கு வராத சனியா இனிமேல் வரப்போவுது? வாசப்படிலயே பாய் விரிச்சுப் படுத்திருக்கறான் அவன்.”

இரண்டு பை நிறையப் போட்டேன். ஏதாவது ஒன்று பேஜில் போட வேண்டுமே என்று போனைத் தூக்கிப் பிடித்தேன். அக்கா இரண்டு பைகளையும் தூக்கிக் காட்டிச் சந்தையைப் பார்த்துக் கத்தியது.

“ஊர்ச் சனியெல்லாம் நானே ஊட்டுக்குக் கொண்டுபோறேன்! நீங்கெல்லாம் நல்லா இருங்க சாமி!”

சந்தையே சிரித்தது. ஒருவர் கை தட்டினார். இருபது நொடி இருக்கும்.

“பேஜ்ல போடட்டுமாக்கா?”

“போடு, போடு. என்ற மூஞ்சியை எவன் பாக்கப் போறான்.”

போட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் பார்த்தபோது எழுநூறு பேர் ஆகியிருந்தார்கள். என் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஆயிரத்து ஐந்நூறு. தெரியாத ஊர்க்காரர்கள். மதுரை, சேலம், துபாய் என்று எழுதியிருந்தார்கள். அக்காவின் பேச்சை வைத்து வேறு வேறு ஆட்கள் வாயசைத்து நடித்துப் போட்டார்கள். எங்கள் எண்ணெய்க்கு நாங்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. சனி எண்ணெய் என்றார்கள்.

நல்லபடியாகச் சிரித்தவர்கள் பாதி. மற்றவர்கள் வேறு மாதிரி எழுதினார்கள். ஓசிக்கு அலைகிறவள் என்று அக்காவை எழுதினார்கள். இது சர்ச்சு எண்ணெய், ஜெபம் பண்ணித் தருகிறார்கள் என்று எங்களை எழுதினார்கள். நான் ஒன்றுக்குப் பதில் போட்டேன். அதற்குக் கீழே நாற்பது பேர் வந்தார்கள். அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் பேஜிலும் சேர்ந்திருந்தார்கள். திட்டுவதற்குச் சேர்கிறார்கள். எண்ணிக்கை அதையும் சேர்த்துத்தான் காட்டியது.

என் வீட்டுக்காரர் சின்ன எழுத்தைப் படிக்க மாட்டார். காலையில் வந்து, “இன்னைக்கு எத்தனை?” என்பார். எண்ணை மட்டும் காட்டுவேன். சந்தோஷப்படுவார். செக்குக்குப் போய்ச் சும்மாவே துடைத்து வைப்பார்.

தள்ளுபடி, குலுக்கல், போசி, எண்ணெய் என்று எவ்வளவோ யோசித்தோம். ஆள் சேர்த்தது அது ஒன்றும் இல்லை. அக்கா தன்னையே கேலி செய்துகொண்டதுதான்.

முதல் வாரம் அக்காவுக்கும் வேடிக்கையாக இருந்தது. அதனிடம் இருந்தது பட்டன் போன். பஸ்ஸில் யாராவது காட்டினால் பார்க்கும். “என்ற பல்லு ஏன் கண்ணு அவ்வளவு பெருசாத் தெரியுது?” என்று கேட்டது. டீக்கடையில் சனியக்கா என்று கூப்பிட்டார்கள். அதற்கும் சிரித்தது.

ஆனி கடைசி வாரம், வியாழக்கிழமை, முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தது. சிரிக்கவில்லை.

“கண்ணு, அந்த வீடியோவை எடுத்துப்போடு.”

“ஏனக்கா?”

“புள்ளைக்கு எடம் அமைஞ்சிருக்குது. கோபிப் பக்கம். பையன் சொந்தமா வண்டி ஓட்டறான். ஞாயித்துக்கெழமை பூ வெக்க வாராங்க. ஆடி பொறந்துட்டா பேச்சு நின்னுபோயிரும். அவங்க கொஞ்சம் நாளு, கெழமை, சாமி பாக்கறவங்க. சம்பந்தியம்மா ஊர்ச் சனியைச் சுமந்துட்டு வந்தவன்னு தெரிஞ்சா நல்லாருக்காது.”

“செரிக்கா.”

“இன்னைக்கே எடுத்துரு.”

“எடுத்தர்றேன்.”

அன்று காலையில்தான் சார் போன் செய்திருந்தார். பட்டியலைத் திங்கட்கிழமை முடிக்கிறோம், அன்று எண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்போது நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

அக்கா போனபின் அழிக்கப் போனேன். அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம், வேண்டாம் என்று இரண்டு கட்டம். விரலை வைத்துக்கொண்டு நின்றேன். கொட்டகைக்குள் செக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வலது காதைச் செக்குப் பக்கம் திருப்பி, எள் அரைபடுகிற சத்தத்தை வைத்து எண்ணெய் கசிய ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தறியை விட்ட பிறகு கற்றுக்கொண்ட வேலை அது.

வேண்டாம் என்பதை அமுக்கினேன்.

கோபியில் வயலும் வாழையும் பார்க்கிறவர்கள் இதை எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் நாலு நாள்தானே என்று நினைத்தேன். நினைக்க ஆரம்பித்தால் வழி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை நாலாயிரத்து ஐந்நூறு. சனிக்கிழமை நாலாயிரத்து எண்ணூறு. சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது அக்கா கேட்டது.

“எடுத்துட்டயா கண்ணு?”

“எடுத்துட்டேன்க்கா.”

“நல்லது. நாளைக்கு நீயும் அவரும் வந்துருங்க. பூ வெக்கறப்ப நம்ம சனம்னு நாலு பேர் வேணும்.”

“சர்ச்சு முடிஞ்சு வாரேன்க்கா.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போன் பையில் இருந்தது. பிரசங்கம் காதில் விழவில்லை. முடிந்து வெளியே வந்து பார்த்தேன். ஐயாயிரத்து ஏழு. வாசலிலேயே நின்று அழித்தேன். அவருக்கு எண்ணைக் காட்டினேன். அத்தனை பேருக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆன புதிதில்கூட வெளியே அப்படிப் பிடித்ததில்லை.

அப்படியே அக்கா வீட்டுக்குப் போனோம். வாசலில் வேன் இல்லை. பாயில் யாரும் இல்லை. காபி டம்ளர்கள் காலியாக இருந்தன. காபியைக் குடித்திருக்கிறார்கள். தட்டில் பூவும் வெற்றிலையும் எடுக்காமல் இருந்தன. பெண் உள்ளறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

அக்கா சொன்னது. வந்தவர்களில் மாப்பிள்ளையின் சித்தப்பா வேனிலேயே வீடியோவைப் பார்த்திருக்கிறார், கூட வந்த தரகர் போகும்போது சொல்லியிருக்கிறார். இங்கே வந்து இறங்கி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கிறது. போனை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காபி குடித்தார்கள். அந்த அம்மா எழுந்து, “ஜாதகத்தை இன்னொருக்காப் பாத்துட்டுச் சொல்றோமுங்க. ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

“நேத்துவரைக்கும் பொருந்துன ஜாதகம்” என்றது அக்கா.

அக்கா தணிந்த குரலில் சொன்னதால் என் வீட்டுக்காரருக்கு எதுவும் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் வரவில்லை என்று நினைத்துப் பாயில் உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமையே எடுத்திருந்தாலும் யாராவது வைத்திருப்பார்கள், எப்படியும் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சில நாள் சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சித்தப்பா பார்த்தது எங்கள் பேஜில்தான் என்று தரகரே சொன்னாராம். அன்று காலை ஒன்பது மணிக்கு.

திங்கட்கிழமை கோயமுத்தூர் போனோம். சார் எண்ணைப் பார்த்தார். ரேக்கில் இரண்டாம் தட்டு கொடுத்தார். கண் மட்டத்துக்கு வருகிற தட்டு.

“அந்த வீடியோ எங்க? காணோமே?”

“எடுத்துட்டேனுங்க.”

“எதுக்கு எடுத்தீங்க? சரி, பரவால்ல. அந்தம்மாவை வெச்சு வாரத்துக்கு ஒண்ணு போடுங்க. ஆஃபர், கூப்பன் எல்லாம் விட்டுருங்க. உங்க எண்ணெய்க்கு அந்தம்மாதான் மொகம்.”

“அவங்க இனி வர மாட்டாங்க சார்.”

“பேசிப் பாருங்க. இல்லைன்னா அதே மாதிரி வேற யாராவது.”

“செரிங்க” என்றேன்.

என் வீட்டுக்காரர் தட்டில் பாட்டில்களை அடுக்கினார். பேர் வெளியே தெரிகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். தறிக்குடோன்காரரிடம் இனி ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா வந்தது. கொட்டகைக்குள் போய் மூலையில் இருந்த தன் முறத்தை எடுத்தது. அது அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த முறம். கோபிப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை, வராது, மறுநாள் ஆடி என்றது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

“எடுத்துட்டேன்னு சொன்னயே கண்ணு” என்றது.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிற அக்கா. திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அதற்கு இடம் கொடுக்கவில்லை. “வாரேனுங்க” என்று எனக்கு ‘ங்க’ போட்டுச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. அதுவரைக்கும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

கடையில் எண்ணெய் போகிறது. ஏழு மாதமாகிறது. பேஜில் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்சம் பேர் போனார்கள், கொஞ்சம் பேர் வந்தார்கள். வீடியோ எதுவும் போடுவதில்லை. சார் இரண்டு தடவை கேட்டார். போடுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். டாக்டரிடம் போனோம். கோடு அதே இடத்தில் நிற்கிறது என்றார்.

அக்கா போன அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் எள் மூட்டையைப் பிரித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அக்கா ஏன் வரல?”

“ஒறம்பரை ஊட்டுக்கு, சொந்தக்காரங்களப் பாக்கப் போயிருக்குதுங்க.”

“எங்க?”

“ஒறம்பரை ஊட்டுக்கு.”

“கேக்கல, புள்ளை. சத்தமாச் சொல்லு.”

பக்கத்து வீட்டு அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகனுக்கு அக்காவின் தெருவில் பெண் எடுத்தவர் அவர். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும்.

“ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருக்குது!” என்று கத்தினேன்.

“அப்படியா. நல்லா இருக்கட்டும். எப்ப வருமாம்?”

பக்கத்து வீட்டு அம்மா துணியை உதறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த துணியை எடுத்தார்.

எப்போது வரும் என்று சொல்லவில்லை என்று அதையும் கத்தித்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுச் செக்கைப் போடப் போனார். நான் கடையிலிருந்து புது முறம் வாங்கி வந்து எள் புடைக்க உட்கார்ந்தேன்.